சுண்ணாம்புச் சுவர் மேல சிமெண்ட் பூசி அஞ்சு வருஷத்துல ஓதம் ஏறிடுச்சு. 98 வருஷத்து வீடு, இப்ப என்ன பண்றது?

வளவு_வீடு | 11 பிப்ரவரி 2024

எல்லாருக்கும் வணக்கம். நீளமான பதிவு, பொறுமையா படிங்க ப்ளீஸ்.

தேவகோட்டை பக்கம் எங்க பூர்வீக வீடு. ஐயாவோட அப்பா பர்மால லேவாதேவி பண்ணிட்டு இருந்தப்ப 1926ல கட்டினது. தூண், கதவு, உத்திரம் எல்லாம் அங்க இருந்து கப்பல்ல வந்த தேக்கு. முகப்பு, வளவு (நடுவுல திறந்த முற்றமும் சுத்தி தாழ்வாரமும்), ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு முன் தெருவுல ஆரம்பிச்சு பின் தெருவுல முடியும்.

2019ல அண்ணன் கல்யாணத்துக்கு முன்னாடி முகப்பையும் வளவச் சுத்தி இருக்கற சுவரையும் புதுசு பண்ணோம். காண்ட்ராக்டர் வந்து பாத்துட்டு பழைய பூச்சு தட்டினா கொட்டுது, சத்தே இல்ல, எல்லாத்தையும் கொத்தி எடுத்துட்டு சிமெண்ட் பூசிடலாம், அம்பது வருஷம் திரும்பிப் பாக்க வேணாம்னு சொன்னாரு, நாங்களும் சரின்னுட்டோம். சிமெண்ட் பூச்சு, அதுமேல புட்டி, அதுமேல எமல்ஷன். கல்யாண ஆல்பத்துல வீடு பளபளன்னு இருக்கும்.

2021 மழைக்கப்புறம் தரைல இருந்து ஒரு அடி உயரத்துக்கு பெயிண்ட் கொப்பளம் விட்டுச்சு. திரும்ப பெயிண்ட் அடிச்சோம். இப்ப நாலு அடி ஏறியாச்சு. கொப்பளத்த விரலால அமுக்கினா உடைஞ்சு உள்ள வெள்ளையா பஞ்சு மாதிரி உப்பு. அதுக்குப் பின்னாடி இருக்கற செங்கல்ல நகத்தால சுரண்டினா செம்பொடியா கொட்டுது.

எனக்குப் புரியாத விஷயம் இதான். ரெண்டாங்கட்டுல ஒரு உள்வீடு, அதாவது உள் அறை, பணம் பத்தாம அத தொடாம விட்டுட்டோம். அங்க 1926ல பூசின அதே பூச்சு. கைய வச்சா ஜில்லுன்னு வழவழன்னு இருக்கு, கிட்டப்போய் நின்னா நம்ம நிழல் மங்கலா தெரியுது. 98 வருஷத்து பூச்சு நிக்குது, 5 வருஷத்து பூச்சு போயிடுச்சு.

ஒருத்தர் சுவர்ல ஓட்ட போட்டு கெமிக்கல் ஏத்தலாம்ங்கறாரு, சித்தப்பா இடிச்சிடலாம்ங்கறாரு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நேர்கோடு | 11 பிப்ரவரி

இடிச்சிடுங்க ப்ரோ. உங்க மனசு கஷ்டப்படும்னு தெரியும், ஆனா நூறு வருஷ செங்கலுக்கு எவ்ளோ செலவு பண்ணாலும் அது புது செங்கல் ஆகாது. எங்க தாத்தா வீட்டுக்கு பத்து வருஷம் பணத்த கொட்டினோம், கடைசில இடிச்சுதான் கட்டினோம். பில்லர் போட்டு கட்டினா உங்க காலத்துக்கும் உங்க பிள்ளைங்க காலத்துக்கும் தாங்கும்.

கரணை | 12 பிப்ரவரி

தம்பி, அவசரப்பட்டு இடிக்காதீங்க. எங்க அப்பாரு காலத்துல இருந்து சுண்ணாம்பு வேலை, நான் 22 வருஷமா கரணை பிடிக்கிறேன். நீங்க சொன்ன மாதிரி வீடு இந்த அஞ்சாறு வருஷத்துல நான் பாத்ததே இருபது இருக்கும், எல்லாம் ஒரே கதை.

பழைய வீட்டுச் சுவர் தண்ணிய குடிக்கும், திரும்ப வெளிய விட்டுடும். மண்ணுல இருந்து ஈரம் ஏறத்தான் செய்யும், அப்ப கட்டினவங்களுக்கு அது நல்லாவே தெரியும். ஏறின ஈரம் பகல்ல வெயில்பட்டு சுண்ணாம்பு வழியா காஞ்சு போயிடும். நீங்க அதுமேல சிமெண்ட அப்பி, புட்டி வச்சு, பெயிண்ட் அடிச்சு சுவரோட மூக்க வாய மூடிட்டீங்க. உள்ள வந்த தண்ணி வெளிய போக வழி தேடி மேல மேல ஏறுது. ஒரு அடில நின்னது நாலு அடிக்கு வந்தது அப்படித்தான்.

காண்ட்ராக்டர் பூச்சு தட்டினா கொட்டுதுன்னாரே, அது கொட்டத்தான் வேணும். உப்பையும் ஈரத்தையும் பூச்சு வாங்கிக்கும், செங்கல் தப்பிச்சிடும். இருபது முப்பது வருஷத்துக்கு ஒருதடவ கீழ மூணு அடி மட்டும் கொத்திட்டு மறுபூச்சு பூசுவாங்க. இப்ப பூச்சு கல்லு மாதிரி நிக்குது, செங்கல் மாவாகுது.

ஒண்ணு கேக்கறேன், பொங்கலுக்கு வெள்ளை அடிக்கிறத எப்ப நிறுத்தினீங்க?

வளவு_வீடு | 12 பிப்ரவரி

ணே, கரெக்டா பிடிச்சீங்க. அப்பத்தா இருந்தவரைக்கும் வருஷா வருஷம் மார்கழி கடைசில வெள்ளை அடிப்பாங்க. அப்பத்தா தவறினது 2004ல. அப்புறம் யாரும் அடிக்கல. நான் அத இத்தன நாள் அழகுக்குன்னுதான் நெனச்சிருந்தேன்.

கரணை | 12 பிப்ரவரி

அழகும்தான். ஆனா ஒவ்வொரு வருஷமும் அடிக்கிற சுண்ணாம்புத் தண்ணி முடி மாதிரி இருக்கற கீறல்ல எல்லாம் இறங்கி அடைச்சிடும். சுவருக்கு வருஷம் ஒரு வேளை சாப்பாடு அது.

தளமட்டம் | 13 பிப்ரவரி

நான் சிவில், 30 வருஷம் சைட்ல இருந்து இப்ப கன்சல்டிங் மட்டும் பாக்கறேன். கரணை சொன்னது அத்தனையும் சரி, அதுக்குப் பின்னாடி இருக்கற கெமிஸ்ட்ரிய மட்டும் சேத்து சொல்லிடறேன்.

நீத்தின சுண்ணாம்பு (தண்ணி ஊத்தி வெந்த சுண்ணாம்பு) காத்துல இருக்கற கார்பன் டை ஆக்ஸைட இழுத்து மெதுவா திரும்ப சுண்ணாம்புக்கல்லா மாறும். மேல் தோல் சீக்கிரம் மாறும், உள்ள போகப்போக வருஷக்கணக்கு ஆகும். கனமான சுவர்ல நடுவுல மாறாத சுண்ணாம்பு ரொம்ப நாள் இருக்கும். சின்னதா கீறல் விட்டு மழைத்தண்ணி உள்ள போனா அந்த மிச்ச சுண்ணாம்ப கரைச்சு கீறலுக்கு கொண்டுவந்து வச்சிடும், அங்க அது காத்துபட்டு இறுகிடும். பழைய சுவர் தன்ன தானே தைச்சுக்கும்னு பெரியவங்க சொல்றது இதான்.

உப்பு விஷயம் வேற. தண்ணில கரைஞ்சு ஏறற உப்பு, தண்ணி எங்க ஆவியாகுதோ அங்க படிகமாகும். சுண்ணாம்புப் பூச்சுன்னா வெளித்தோல்ல பூக்கும், விளக்குமாத்தால தட்டினா போயிடும். சிமெண்ட் பூச்சுன்னா அதுக்குப் பின்னாடி படிகமாகி செங்கல்லோட துளைக்குள்ளேயே வளந்து உள்ள இருந்து நெட்டும். உங்க செங்கல் பொடியாகறது அதனாலதான்.

கெமிக்கல் ஏத்தறதுக்கு அவசரப்படாதீங்க. ரெண்டு செங்கல் கனத்துல நடுவுல உடைஞ்ச கல்லும் சுண்ணாம்பும் கொட்டி நெரப்பின சுவர்ல அது ஒரே சீரா பரவாது. முதல்ல தண்ணி எங்க இருந்து வருதுன்னு பாருங்க. ரெண்டு கேள்வி. தெருவுக்கும் வீட்டுக்கும் இப்ப எத்தன படி? ஐயா காலத்துல எத்தன படி? அடுத்தது, 1926க்கு அப்புறம் வீட்டுக்குள்ள எங்கெங்க பாத்ரூம் கட்டினீங்க?

வளவு_வீடு | 14 பிப்ரவரி

சார், இந்த கேள்விய நீங்க கேட்டப்புறம்தான் பழைய போட்டோவ தேடினேன். அப்பச்சி சின்னப்பையனா முகப்புப் படில உக்காந்திருக்க போட்டோ. அஞ்சு படி. இன்னிக்கு காலைல போய் எண்ணினேன், மூணு. ரெண்டு படிய ரோடு முழுங்கிடுச்சு. மழை பெஞ்சா தெருத்தண்ணி திண்ணை அடிச்சுவர்ல வந்து முட்டி நிக்குது.

பாத்ரூம் கதை பெருசு. ஒரு காலத்துல வீட்டுல எட்டு புள்ளி, அதாவது கல்யாணமான எட்டு குடும்பம், வளவச் சுத்தி புள்ளிக்கு ஒரு உள்வீடு. பின்னாடி பங்கு பிரிச்சப்ப ஆளுக்கு ஆள் தனி அடுப்பு வேணும்னு ரெண்டாங்கட்டு தாழ்வாரத்துல தடுப்புச்சுவர் வச்சாங்க. 1988ல பெரியப்பா பங்குல வளவு மூலைல ஒரு பாத்ரூம் கட்டினாங்க, தூணுக்கும் சுவருக்கும் நடுவுல. அதோட தண்ணி முன்னாடி மழைத்தண்ணி போற கால்வாய்லதான் விட்டாங்க. அந்த கால்வாய் முத்தத்துல இருந்து சுவருக்கு அடில போய் பின் தெருவுக்கு போகும், இப்ப அடைச்சுக் கிடக்கு. ஓதம் அதிகமா இருக்கறதும் அந்த மூலைதான்.

நான் அப்ப சின்னப்பையன், அந்த வளவுல மழை பெஞ்சா நாலு பக்கத்து ஓட்டுத்தண்ணியும் நடுவுல கொட்டும், பெரிய பெரிய அண்டாவ வச்சு பிடிப்பாங்க, அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு.

தளமட்டம் | 14 பிப்ரவரி

பதில் கிடைச்சிடுச்சு பாருங்க. ரோடு உசந்ததால உங்க வீட்டோட ஈரமட்டம் உசந்துச்சு, அடைச்ச கால்வாய் வருஷம் முழுக்க சுவருக்கு அடில தண்ணி ஊட்டுது, மேல சிமெண்ட் அத வெளிய விடல. மூணும் சேந்ததுதான் உங்க நாலு அடி. இதுல எதுவுமே வீட்டுக்கு வயசானதால வந்தது இல்ல.

ரோடு விஷயம் தமிழ்நாடு முழுக்க இருக்கற கொடுமை. பழைய ரோட்ட சுரண்டி எடுக்காம அதுமேலயே போட்டு போட்டு எத்தன வீடு பள்ளமாயிடுச்சு. 2021ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, சுரண்டி எடுத்துட்டுதான் புது ரோடு போடணும், மட்டம் ஏறக்கூடாதுன்னு எழுத்துலயே சொன்னாரு. அடுத்த தடவ உங்க தெருவுல ஜல்லி இறங்கினா முதல் ஆளா போய் நில்லுங்க.

மூணாவது_மாடி | 15 பிப்ரவரி

வளவு வீடு தம்பி, நேர்கோடு சொல்ற "கான்கிரீட் போட்டா காலத்துக்கும் தாங்கும்"ங்கறதுக்கு என் அனுபவத்த சொல்லியே ஆகணும். நான் சென்னைல கடலுக்கு ஒரு கிலோமீட்டர்ல இருக்கேன். 1986ல கட்டின அடுக்குமாடி, 12 வீடு. போன வருஷம் எங்க சமையலறை சீலிங்ல இருந்து கையகல காரை அப்படியே பெயந்து விழுந்துச்சு. நான் அடுப்பு முன்னாடி இருந்து ஃப்ரிட்ஜ் பக்கம் நகந்து ஒரு நிமிஷம்கூட ஆகல. மேல பாத்தா கம்பி செதில் செதிலா துரு.

பரிசோதிக்க வந்த இன்ஜினியர் உடைஞ்ச இடத்துல ஒரு மருந்து தெளிச்சாரு, ஃபீனால்ஃப்தலீன். நல்ல கான்கிரீட்னா பட்டதும் அடர் ரோஸ் கலர் ஆகணுமாம். எங்களுது கம்பி வரைக்கும் கலரே மாறல, கம்பியத் தாண்டி உள்ளதான் ரோஸ் வந்துச்சு. அந்தக் கோட்ட பாத்தப்ப எனக்கு வயித்த பிசைஞ்சது. 37 வருஷமா அது மில்லிமீட்டர் மில்லிமீட்டரா உள்ள வந்துகிட்டே இருந்திருக்கு, நாங்க கீழ நின்னு சாம்பார் வச்சுட்டு இருந்திருக்கோம்.

தளமட்டம் | 15 பிப்ரவரி

அக்கா, தப்பிச்சீங்களே, அது போதும். மத்தவங்களுக்காக இத விளக்கறேன்.

அதே கார்பன் டை ஆக்ஸைடுதான் இங்கயும். சுண்ணாம்புச் சுவர்ல அது உள்ள போனா சுவர் கெட்டிப்படும். கம்பி கட்டின கான்கிரீட்ல அதே காத்து போனா ஆபத்து. புது கான்கிரீட் கடுமையான காரம், பி.எச். 12.5க்கு மேல, அந்த காரத்துலதான் கம்பி மேல ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலம் நிக்கும். காத்து உள்ள போகப்போக பி.எச். 9க்கு கீழ இறங்கிடும், படலம் போயிடும், துரு ஆரம்பம். துரு இரும்ப விட ரெண்டுல இருந்து ஆறு மடங்கு வரைக்கும் இடம் கேக்கும், கான்கிரீட்ட உள்ள இருந்து பொளந்து தள்ளிடும். கடல் பக்கம்னா உப்புக்காத்துல வர்ற குளோரைடு காரம் இருக்கும்போதே கம்பிய அரிக்கும்.

காத்து எவ்ளோ ஆழம் உள்ள போகும்ங்கறது காலத்தோட வர்க்கமூலத்த பொறுத்தது. பத்து வருஷத்துல 10 மில்லிமீட்டர் போயிருந்தா நாப்பது வருஷத்துல 20 மில்லிமீட்டர். ஸ்லாபுக்கு கம்பிக்குக் கீழ 20 மில்லிமீட்டர் கவர் (கம்பிய மூடற கான்கிரீட் கனம்) வேணும்னு ஐ.எஸ். 456ங்கற இந்தியத் தரவிதி சொல்லுது, அதுவும் சாதாரண இடத்துக்கு, கடல் பக்கம் இன்னும் அதிகம். சைட்ல என்ன நடக்கும்? கவர் பிளாக்குக்கு பதிலா கைல கிடைச்ச ஜல்லிய கம்பிக்கு கீழ சொருகுவாங்க, கான்கிரீட் கொட்டும்போது ஆள் ஏறி மிதிப்பாங்க, கம்பி சென்ட்ரிங் பலகைல போய் ஒட்டிக்கும். அன்னிக்கு விட்ட 10 மில்லிமீட்டர் நாப்பதாவது வருஷம் உங்க தலைல விழுது.

ஒண்ணு மறக்காதீங்க அக்கா, விழுந்த இடத்த மட்டும் ஒட்டு போடாதீங்க. ஒட்டு போட்ட இடம் நல்லாயிருக்கும், அதச் சுத்தி இருக்கற கம்பி முன்ன விட வேகமா துருப்பிடிக்கும். தட்டிப்பாத்து வெத்து சத்தம் கேக்கற இடம் எல்லாத்தையும் உடைச்சு, கம்பிக்குப் பின்பக்கமும் விரல் போற அளவு எடுத்து, துருவ முழுசா சுத்தம் பண்ணிட்டுதான் பூசணும்.

மூணாவது_மாடி | 16 பிப்ரவரி

நன்றி சார். பில்டர் கிட்ட குடுத்து இடிச்சு கட்டலாம்னு எங்க அசோசியேஷன்ல ஒரு பேச்சு ஓடுது. 2022 தமிழ்நாடு அடுக்குமாடி வீட்டு உரிமைச் சட்டத்துல மூணுல ரெண்டு பங்கு ஓனர் சம்மதிச்சா போதும்னு வந்திருக்கறதால எட்டு கையெழுத்து வாங்கிடலாம்ங்கறாங்க. தரைத்தள வீட்டுல 80 வயசு அம்மா ஒருத்தங்க தனியா இருக்காங்க, அவங்க எங்க போவாங்கன்னுதான் எனக்கு கவலை.

நேர்கோடு | 16 பிப்ரவரி

எல்லாரும் சொன்னத படிச்சேன். கான்கிரீட் பத்தி நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன், இவ்ளோ தெரியாது. ஆனா ஒரு விஷயம் நேர்மையா பேசுவோம். வருஷா வருஷம் வெள்ளை அடிக்க, ஓடு பிரிச்சு மாத்தி மேய, கால்வாய தூர்வார, யார் இருக்கா? எங்க வீட்டுல தாத்தாவுக்கு அப்புறம் ஒருத்தரும் ஊர்ல இல்ல. பூட்டிக்கிடந்தது 9 வருஷம். மூணு ஓடு நழுவினது யாருக்கும் தெரியல, அது வழியா தண்ணி இறங்கி சட்டம் அழுகி, கரையான் ஏறி, கைபிடிச்சுவர்ல அரசங்கன்னு வேர்விட்டு... நாங்க போய் பாத்தப்ப கூரை பாதி தரைல கிடந்துச்சு. இடிச்சப்ப நான் அழுதேன். பாசம் இல்லாம சொல்லல.

கரணை | 17 பிப்ரவரி

தம்பி சொல்றதும் உண்மைதான், வருத்தப்படாதீங்க. ஆள் இருக்கற வீடு வேற, பூட்டின வீடு வேற. ஆள் இருந்தா ஓட்டுல ஒரு சொட்டு விழுந்தா அன்னிக்கே பாத்திரம் வச்சு மறுநாள் ஆள கூப்புடுவாங்க. ஜன்னல் தெறக்கும், அடுப்பெரியும், காத்து ஓடும். ஆத்தங்குடி கல் பதிச்ச தரையே எடுத்துக்கோங்க, நடக்க நடக்கத்தான் அதுல மினுமினுப்பு ஏறும், பூட்டி வச்ச வீட்டுல அதே கல்லு மங்கிப்போய் சாம்பல் பூத்து கிடக்கும்.

அரசங்கன்ன மேல மட்டும் வெட்டினா அடுத்த மழைக்கு ரெண்டா வரும். சின்னதா இருக்கறப்பவே வேரோட எடுத்து, வேர் போன பாதையில சுண்ணாம்பு கலவை ஏத்தி அடைச்சிடணும்.

வளவு வீட்டுத் தம்பிக்கு வேலை வரிசைய சொல்றேன், குறிச்சுக்கோங்க. முதல்ல கால்வாய தோண்டி தெறங்க, பாத்ரூம் தண்ணிக்கு தனி குழாய் போட்டு சுவர விட்டு தள்ளி கொண்டுபோங்க. அது முடியாம சுவர தொடாதீங்க. அப்புறம் சிமெண்ட கையால கொத்தி எடுக்கணும், மெஷின் வேணாம், அந்த அதிர்ச்சிக்கு இருக்கற செங்கலும் போயிடும். எடுத்துட்டு ஒரு முழு கோடைக்கு சுவர வெறும் மேனியா விட்டுடுங்க. பங்குனி, சித்திரை, வைகாசி வெயில் பூரா குடிக்கட்டும். உப்பு பூக்கும், உலர்ந்த விளக்குமாத்தால தட்டி வெளிய அள்ளிப் போடுங்க, தண்ணி ஊத்தி கழுவுனா திரும்ப உள்ள போயிடும். மாவான செங்கல நோண்டி எடுத்துட்டு பழைய செங்கலே சொருகி சுண்ணாம்புல கட்டணும்.

ஒரு பங்கு நீத்தின சுண்ணாம்புக்கு ரெண்டரை பங்கு மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறவச்ச தண்ணில கலக்கணும். சுண்ணாம்ப வாங்குன அன்னிக்கே பூசக்கூடாது, தொட்டில ஊறணும், எத்தன நாள் ஊறுதோ அவ்ளோ நல்லது. முட்டை வெள்ளைக்கரு எல்லாம் கடைசி மெழுகு பூச்சுக்குத்தான், வழவழன்னு தேய்க்கற மேல்பூச்சுக்கு. ஓதம் அடிச்ச கீழ்ச்சுவருக்கு மெழுகு வேணவே வேணாம், சாதா பூச்சும் வெள்ளையும் போதும்.

வளவு_வீடு | 18 பிப்ரவரி

ணே, கோடிப்புண்ணியம். இந்த வேலை தெரிஞ்சவங்க இப்ப கிடைப்பாங்களா? சித்தப்பா அதான் கேக்கறாரு.

தளமட்டம் | 18 பிப்ரவரி

கிடைப்பாங்க, தேடணும். சென்னை சேப்பாக்கம் அரண்மனைல இருக்கற கலஸ் மஹால் 2012 ஜனவரில தீப்பிடிச்சு கூரையெல்லாம் விழுந்துச்சு, பாத்தவங்க இனி அவ்ளோதான்னாங்க. பொதுப்பணித்துறை சுண்ணாம்பு, தேக்கு உத்திரம், மெட்ராஸ் டெரஸ்னு பழைய முறைலயே திரும்ப நிறுத்திட்டாங்க. அந்த மாதிரி வேலைகள்ல கை பழகின கொத்தனாருங்க இருக்காங்க.

மெட்ராஸ் டெரஸ் தெரியாதவங்களுக்கு: உத்திரத்து மேல மெல்லிசு செங்கல குத்துக்கல்லா சாய்வா சுண்ணாம்புல அடுக்கி, அதுமேல செங்கல் ஜல்லி சுண்ணாம்பு கொட்டி, நாள்கணக்குல பெண்கள் வரிசையா உக்காந்து கட்டையால அடிச்சு இறுக்கின கூரை. எங்கயாவது அழுகினா அந்த ஒரு உத்திரத்த மட்டும் மாத்தலாம். கான்கிரீட் ஸ்லாப்ல அது நடக்காது.

வளவு_வீடு | 9 டிசம்பர் 2024

ரொம்ப நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. என்ன நடந்துச்சுன்னு சொல்லாம இருக்க முடியல.

பங்காளிங்க எல்லார்கிட்டயும் பேசி சம்மதம் வாங்கவே மார்ச் முடிஞ்சிடுச்சு. பெரியப்பா மகன் அந்த 1988 பாத்ரூம இடிக்க ஒத்துக்கிட்டாரு, பின்கட்டுல புதுசா கட்டிக் குடுத்தோம். கால்வாய தோண்டினப்ப 12 அடிக்கு சேறு, நடுவுல ஒரு பித்தளை சொம்பு நசுங்கிப்போய் கிடந்துச்சு. ஆச்சி ஒருத்தங்க பாத்துட்டு இது என் கல்யாணச் சீருல வந்ததுன்னு வாங்கி வச்சுக்கிட்டாங்க.

சிமெண்ட கொத்தி எடுத்தப்ப பின்னாடி பூரா ஈரம், மண்பானைய தொடற மாதிரி. ஏப்ரல்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் சுவர் செங்கலோட நின்னுச்சு. வந்தவங்க எல்லாம் வீடு என்ன இப்படி ஆயிடுச்சுன்னு கேட்டாங்க. ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் உப்ப தட்டி அள்ளினேன், முதல் வாரம் முறத்துல அள்ளுற அளவு, ஆகஸ்ட்ல வெறும் பொடி. செப்டம்பர்ல கரணை அண்ணன் சொன்ன கலவைல மூணு பக்கம் பூசியாச்சு, வடக்குப் பக்கம் மட்டும் இன்னும் காயல, அடுத்த கோடைக்கு விட்டுட்டோம்.

இந்த மழைக்கு ராத்திரி அங்கதான் தங்கியிருந்தேன். முத்தத்துல விழுந்த தண்ணி பூராவும் பின் தெருவுக்கு போயிடுச்சு. காலைல பூசின சுவர தொட்டுப் பாத்தேன். தரைல இருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஈரம் இருந்துச்சு, பயந்துட்டேன். ரெண்டு நாள் வெயிலுக்கப்புறம் போய் பாத்தா காஞ்சிருந்துச்சு.

கரணை | 9 டிசம்பர்

ஒரு சாண் ஈரம் வரும் தம்பி, பயப்படாதீங்க, வந்துட்டு போகுதுல்ல. பொங்கலுக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லியாச்சா?

வளவு_வீடு | 9 டிசம்பர்

சொல்லியாச்சுணே. சுண்ணாம்பு தொட்டில ஊறிட்டு இருக்கு.